மஞ்சள் தூள் கொட்டும் மரம்

"இன்னிக்கும் அண்ணன் கெடைக்கலேன்னா அம்மாகிட்ட என்ன மாமா சொல்றது?"

கேட்டவள் சிலம்பாயி. அவள் மாமன் காரிமுத்து தோளில் கோடாரியோடு முன்னால் நடந்தான். பின்னால் கயிற்றுச் சுருளோடு தேனெடுக்கும் வேடியப்பன். தேட ஆரம்பித்து இது மூன்றாம் நாள். எதிரே பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாத மூடுபனி.

சங்கதி இதுதான், கண்ணுகளா. அந்த மலையூருக்குச் சோறு போட்டது நெய்க்கொட்டை மரம். கொட்டையை ஆட்டி எண்ணெய் விற்றுத்தான் எல்லோரும் பிழைத்தார்கள். ஏழு வருடமாக ஓடையோரத்து மரங்கள் பூக்கின்றன, உதிர்கின்றன. ஒரு காய் பிடிப்பதில்லை. பாதி வீடுகளுக்குப் பூட்டு விழுந்துவிட்டது. 'காரணம் தெரிஞ்சுபோச்சு' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான் சிலம்பாயியின் அண்ணன் துரைக்கண்ணு. திரும்பவில்லை.

"அட்டை பூராவும் என்னையே கடிக்குது. தேன் எடுக்கறவன் ரத்தம் இனிக்குமோ என்னவோ!" என்றான் வேடியப்பன். யாரும் சிரிக்கவில்லை.

ஓடைக்கரையில் எப்போதோ வெட்டிய நெய்க்கொட்டை மரத்தின் பழைய அடிக்கட்டை. காரிமுத்து அதன் முன்னே நின்றான்.

"ஓடையில தேடி பிரயோசனமில்ல புள்ள. அவன் சொட்டப்பாறை உச்சிக்குப் போயிருக்கான்."

"என்ன மாமா சொல்றே?"

"என்னிக்குமே காய் பிடிக்காத மரத்த வெட்டி அடுப்புக்குப் போடறது நம்மூரு வழக்கம். ஏழு வருசத்துக்கு முன்னாடி கடைசி மரம் வரைக்கும் எல்லாத்தையும் வெட்டுனது நான்தான். வெட்டும்போது பூவுலேருந்து மேலெல்லாம் மஞ்சத் தூள் கொட்டும். 'அந்த மரம் வேற எங்க மாமா இருக்கு'ன்னு உங்கண்ணன் கேட்டான். 'கோடாரி ஏறாத எடம், உச்சிப் பாறைதான்'னேன். எதுக்குக் கேட்டான்னு அப்பறந்தான் உறைச்சது. மரத்த அழிச்சவன்னு ஊரு என்னைத்தானே காறித் துப்பும்னு வாயை மூடிக்கிட்டேன்."

"மூணு நாளா!" சிலம்பாயி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "நட மாமா! அழறதுக்கு நேரமில்ல!"

ஏறினார்கள். ஓடையின் சத்தம் கீழே தேய்ந்தது. ஈரம் போய், புல் போய், வெறும் கருங்கல். சிலம்பாயியின் கை வழுக்கியது! வேடியப்பன் கயிற்றை இழுத்துப் பிடித்தான். முழங்கால் கிழிந்தும் அவள் மறுபடி ஏறினாள்.

உச்சியில், பாறை வெடிப்பில், ஆள் உயரத்துக்குக் குறுகி நின்றது ஒரு நெய்க்கொட்டை மரம். அதன் பின்னால் பள்ளத்துக்குள் துரைக்கண்ணு கிடந்தான். உதடு வெடித்து, ஒரு கால் மடங்கி, நெஞ்சோடு துண்டில் கட்டிய பூக்கொத்து.

"அண்ணா!"

சிலம்பாயி ஊற்றிய தண்ணீர் தொண்டையில் இறங்கியதும் கண் திறந்தான்.

"காய் சுமக்கத் தண்ணி வேணும், சிலம்பு. அதான் பொட்டை மரம் ஓடையோரமா நிக்குது. இந்த மரம் ஆம்பளை, இவனுக்குப் பூத்தூளைத் தூவறது மட்டுந்தான் வேலை. காஞ்ச கல்லுலயும் பொழைச்சுக்கறான். கீழ இருந்த ஆம்பளை மரத்தத்தான்…" காரிமுத்துவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டான். "கீழ பூ உதிர்றதுக்குள்ள இந்தக் கொத்தைக் கொண்டு போங்க."

காரிமுத்து கோடாரியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து முதுகைக் கொடுத்தான். துரைக்கண்ணுவைச் சுமந்து இறங்கினான்.

ஊரே ஓடிவந்தது, பறை முழங்கியது. பூக்கொத்தை ஓடையோர மரத்தின் உச்சிக் கிளையில் வேடியப்பன் ஏறிக் கட்டினான். துரைக்கண்ணுவின் கால் பிறகு நிமிரவே இல்லை. ஆனால் ஐந்தாம் மாதம் அந்த ஒரு மரத்தில் மட்டும் மூன்று குலை காய்.

அதில் ஒரு கொட்டையைக்கூட ஆட்டவில்லை. அத்தனையும் விதைத்தார்கள். பூக்கிறவரைக்கும் எது ஆண், எது பெண் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எதையும் வெட்டுவதில்லை என்று ஊர் கூடி முடிவு செய்தது. காய்க்காததெல்லாம் வீண் இல்லை, கண்ணுகளா. அதைத் தெரிந்துகொள்ள அந்த ஊர் ஒரு பிள்ளையின் காலைக் கொடுத்தது.

கன்றுகளுக்கு ஓடைத் தண்ணீரைச் சுமந்து ஊற்றியது காரிமுத்து. யாரும் செய்யச் சொல்லவில்லை. தினமும் ஊற்றினான்.