ஞானதாசனின் இரண்டு குரல்கள்

இருமல் சரியான இடத்தில்தான் வந்தது. ஆனால் இசைத்தட்டில் இருமியது ஜஸ்டஸ் இல்லை.

முதல் பாட்டில், கிதார் தனியாக ஓடுகிற இடத்தில், அன்று தொண்டை வறண்டு இருமியவர் ஜஸ்டஸ்தான். 1978இல், சென்னையில் ஒரு ஸ்டூடியோவில், கையில் டீ கிளாஸோடு. மறுபடி பாட நேரமில்லாததால் இருமலை அப்படியே விட்டுவிட்டார்கள். இப்போது அந்தக் கிளாஸ் தரையில் வைக்கப்படும் ஓசை கேட்டது, நாற்காலி கிறீச்சிட்டது, அடைத்த ஜன்னலுக்கு வெளியே அன்றைக்குப் போன லாரியின் ஹாரன்கூடக் கேட்டது. ஆனால் இருமல் ஞானதாசனுடையது. மூக்கில் போய் முடிகிற இருமல். அடுத்துச் சேர்ந்த, ஜஸ்டஸ் பாடியிருந்த இரண்டாவது குரலும் இப்போது அவனுடையதுதான்.

ஜஸ்டஸ் ஊசியைத் தூக்கி மறுபடியும் வைத்தார். மறுபடியும் மூக்கு.

ஜஸ்டஸும் ஞானதாசனும், குளச்சல்காரர்கள் இருவர், இரண்டு கிதார், கடற்கரைப் பாட்டும் ராக்கும் கலந்த ஒன்பது பாடல்கள். ‘உப்புக்காற்று’ என்று பேர் வைத்தார்கள். விற்கவில்லை. ஜஸ்டஸ் பாட்டை விட்டு ஐஸ் பிளாண்டில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டில் இருந்த ஒரே இசைத்தட்டை 2004 சுனாமி அலமாரியோடு கொண்டுபோனது. ஞானதாசன் சென்னையிலேயே தங்கிவிட்டான். இப்போது, 2015இல், பழைய இசைத்தட்டு சேகரிக்கும் இளவட்டங்கள் தேடுகிறார்களென்று ஒரு கம்பெனி ஐந்நூறு பிரதிகள் மட்டும் மறுபதிப்புப் போட்டிருந்தது. கனத்த தட்டு, கடல் நீலம். நேற்று கூரியரில் வந்ததை அவர் பிரிக்காமல் வைத்திருந்தார். ஞாயிறு நாலு மணிக்கு மகள் ரெஜிஷா துபாயிலிருந்து கூப்பிடுவாள். அப்பா பாடி அவள் கேட்டதே இல்லை. அதற்காகவே போன லீவில் ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கி வந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். முன்னதாக ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொள்வோம் என்றுதான் மூன்றரைக்கு உட்கார்ந்தார்.

வெளியே ஆனிச் சாரல் ஓட்டில் சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. அடுக்களையிலிருந்து சாளை மீன் பொரிக்கும் மணம் வந்தது. புது அட்டையின் பசை வாடை அதையும் மீறி மூக்கில் ஏறியது. அட்டையைத் திருப்பினார். பாறைமேல் இருவர் நின்ற அதே படம். அதில் இப்போது ஞானதாசன் மட்டும் நின்றான், இடதுகையை வெறும் காற்றின் தோளில் போட்டபடி. கீழே சின்ன எழுத்தில்: பாடியவர் ஞானதாசன், இரண்டு குரல்களும்.

அந்தக் காகிதம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

போன வருஷம் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தான். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு நீட்டினான். “ஒரு ஒப்பு போடு மக்கா. கம்பெனிக்காரன் கேக்கான்.” ரெஜிஷாவுக்கு ஞானஸ்நானத் தொட்டியில் கைநீட்டிய ஞானத்தகப்பன் அவன். அந்த உறவு கூடப்பிறந்தவனுக்கும் மேலே. அவன் நீட்டும் காகிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தால் முகத்தில் துப்பியதற்குச் சமம். ஜஸ்டஸ் கண்ணாடியைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் அவன் அதை நாலாக மடித்துக்கொண்டு, இன்னும் ஒரு துண்டு மீன் கேட்டுச் சாப்பிட்டான்.

இதே வீட்டில். இதே மேசையில். நம்பினேனே பாவி!

ஆனால் கையெழுத்து வாங்கிப் பெயரை அழிக்கலாம், படத்தை வெட்டலாம். அன்றைய இருமலை எப்படி மாற்றினான்?

“ஞானதாசு அண்ணன் என்னமா பாடுகாவ!” அடுக்களையிலிருந்து விக்டோரியா சொன்னாள். “ரெண்டு கொரலும் அவியளேதான் இல்லியா?”

இந்த இரண்டாவது குரலைக் கேட்டுத்தான் அவள் அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். முப்பத்தைந்து வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவள்.

“ஏட்டி, அது நானாக்கும்” என்றார்.

அவர் குரலும் மூக்கில் முடிந்தது.

தொண்டையைச் செருமினார். செருமலும் மூக்கில்தான் முடிந்தது. சொந்தப் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஞானதாசன் அவரைக் கூப்பிடுவதுபோல இருந்தது.

தட்டை நிறுத்தினார். அது சுற்றி ஓய்ந்தது. சாரல் மட்டும்.

போன் அடித்தது.

“ஹலோ” என்றார்.

“ஞானதாசு மாமாவா? எப்போ வந்தீங்க?” ரெஜிஷாவின் குரலில் சந்தோஷம். “அப்பாட்ட குடுங்க மாமா.”

“அப்பாதான் மக்களே பேசுகேன்.”

அவள் சிரித்தாள். “வெளையாடாதீங்க மாமா. அப்பா கொரல் எனக்குத் தெரியாதா?”

விக்டோரியா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவரைப் பார்த்தாள். நின்றாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துத் தோளில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு ஆள் வந்தால் அவள் செய்வது அது.

“அண்ணனா? எப்போ வந்தீய? இரிங்க, சாயா போடுகேன். பாட்ட போட்டுட்டு இவிய எங்க போனாவ?”

“விக்டோரியா, நான்தாம்டி...”

அவள் முகம் சுளித்தாள். பிற ஆண் “டி” போட்டதற்கான சுளிப்பு. வாசலுக்குப் போனாள். சாரலில் நின்று தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“ரெஜிஷா அப்பா! ஓ ரெஜிஷா அப்பா!”

“இன்னா வாறேன் ஏட்டி!”

தெருவிலிருந்து. தெளிவாக. கனமாக. ஜஸ்டஸ் கேட்க ஆசைப்பட்ட அதே குரல். அவருடைய குரல்.

செருப்புச் சத்தம். ஈர மணலில். நிதானமாக.

“அதோ அப்பா கொரல் கேக்குதே” என்றாள் மகள், காதுக்குள். “குடுங்க மாமா.”

படியில் குடை மடங்கியது. ஞானதாசன். போன வருஷம் பார்த்த அதே நரைத்த மீசை. உடம்பில் ஜஸ்டஸின் கட்டம் போட்ட சட்டை. அவன் ஜஸ்டஸைப் பார்க்கவே இல்லை. தன் வீட்டுக்குள் நுழைபவனாகக் காலைத் துடைத்தான்.

“இப்பிடி நனைஞ்சிட்டீயளே” என்று விக்டோரியா செல்லமாகக் கடிந்தாள். எட்டி, முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். அவன் கண்ணை மூடித் தலையைக் குனிந்து கொடுத்தான். பிறகு, துவட்டலுக்கு நடுவிலேயே, போனுக்காகக் கையை நீட்டினான்.