தளும்பத் தளும்ப ஒரு கிண்ணம்

முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு மஸ்தூரா மாமியாரின் அறைக்குள் போனபோது, கரோமத் அம்மாள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முன்கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நேற்று வெறுமனே சிவந்திருந்த இடத்தில் இன்று மூன்று கொப்புளங்கள். மொச்சைக்கொட்டை அளவில், நீர் கோத்து, விறைத்துக்கொண்டு நின்றன. இன்று வியாழக்கிழமை. நாத்தனார் முனவ்வர் வருகிற நாள்.

போன வாரமே தாயின் தொடையில் இரண்டு கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, "இது வெந்நீர் பட்ட மாதிரியில்ல இருக்கு?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போனவள் அவள். அந்தக் கேள்வி ஏழு நாளாக இந்த வீட்டில் மஸ்தூராவோடு எழுந்து மஸ்தூராவோடு படுத்தது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? மர்கிலான் நகரத்துக் கடைத்தெரு வரைக்கும் அது போய்விட்டது. ரொட்டிக்காரி கூட நேற்று அவள் கையைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"அத்தே, சட்டையக் கீழ விடுங்க. அக்கா வர்ற நேரம்."

"எந்த அக்கா?" என்றாள் கரோமத் அம்மாள்.

முனவ்வர் வந்தாள். கையிலிருந்த ரொட்டிப் பையை வைக்கக்கூட இல்லை, நேரே தாயிடம் போய்ச் சட்டைக் கையை ஏற்றினாள். அப்புறம் அவள் குரல் தெருவுக்கே கேட்டது.

"அம்மா, யாரும்மா இப்படிப் பண்ணுனது? சொல்லு. நான் இருக்கேன், பயப்படாம சொல்லு."

கரோமத் அம்மாள் மகளையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். யாராவது ஒருத்தியைச் சொன்னால்தான் விடுவார்கள் போலிருக்கிறது என்று தோன்றியிருக்க வேண்டும். "இவதான்... சுட்டுட்டா" என்றாள்.

மஸ்தூரா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம். தூக்கக் கலக்கத்தில் கெட்டிலைச் சாய்த்துவிட்டேனோ... ஆறிய தேநீரையும் விரல் விட்டுப் பார்த்துத்தான் மாமியாருக்குக் கொடுக்கிறாள்.

"கேட்டியா தோஹிர்? உம் பொண்டாட்டி லட்சணத்தக் கேட்டியா?"

தோஹிர் வேன் சாவியை உருட்டிக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பத்து வருஷமாக அக்கா முன்னால் வாய் திறக்காத புண்ணியவான். "டாக்டரை வரச் சொல்லியிருக்கேன்க்கா. பாக்கட்டும்."

"வரட்டும். தீக்காயம்னு எழுதிக் குடுக்கட்டும். இவ இன்னிக்கே அப்பன் வீட்டுக்குப் போவணும், புள்ள இங்கதான் இருக்கும்." முனவ்வர் மஸ்தூராவின் பக்கம் திரும்பினாள். "எங்கம்மா வாயத் தொறந்து வேற சொல்லணுமா? போன மாசம் எங்கண்ணு முன்னாடியே உனக்கு டீயை விளிம்பு வரைக்கும் ஊத்திக் குடுத்தாங்களே. இருக்கணும்னு நெனக்கிறவங்களுக்குக் கால் கிண்ணம், கிளம்புன்னு சொல்றவங்களுக்கு முழுக் கிண்ணம். அதுகூடவா தெரியாம வாழ்க்கைப்பட்டே? ரோஷம் இருந்தா அன்னிக்கே போயிருப்பே."

மஸ்தூராவின் ஆறு வயது மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாயிருந்தது.

தோல் மருத்துவரான ஹனிஃபா என்ற பெண்மணி பத்து மணிக்கு வந்தார். கரோமத் அம்மாளின் கை, வயிறு, தொடை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"முன்னாடி அரிப்பு இருந்ததா?"

"மூணு மாசமா அரிப்புத்தான் டாக்டர்" என்றாள் மஸ்தூரா. "தூங்கவே மாட்டாங்க. ஆட்டு வால்கொழுப்பத் தடவி, நான்தான் பக்கத்துல உக்காந்து விசிறுவேன்."

"வெந்நீர் பட்டா வழிஞ்ச பக்கம் மட்டும் வேகும். இது உள்தொடையில, அக்குள்ல, ரெண்டு கையிலயும் சமமா வந்திருக்கு. யாரும் சுடல." மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "இவங்களுக்கு மறதி ஏதாவது...?"

"எங்கம்மாவுக்கா?" முனவ்வருக்குக் கோபம் வந்துவிட்டது. "முந்நூறு பேர் விருந்துக்குக் கையால உப்புப் போட்டவங்க அவங்க."

மருத்துவர் மஸ்தூராவைப் பார்த்தார். மஸ்தூரா தரையைப் பார்த்தாள். மாவுப் பானைக்குள் கிடந்த செருப்பு, விடியுமுன் அவள் அலசிப் போட்ட ஈரப் படுக்கை, தெரு முனையில் வழி தெரியாமல் நின்ற மாமியாரைக் கைபிடித்துக் கூட்டி வந்தது, எல்லாம் நினைவுக்கு வந்தன. சொன்னால் அவள் தப்பிக்கலாம். ஆனால் மாமியாருக்கு வாக்குக் கொடுத்திருந்தாளே...

இதற்கிடையில் கரோமத் அம்மாளுக்கு விருந்தாளி வந்தது மட்டும் புரிந்தது. கெட்டிலைத் தன் பக்கம் இழுத்தாள். முறைப்படி முதல் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, மூன்று முறை கெட்டிலுக்குள்ளேயே திருப்பி ஊற்றினாள். பிறகு மருத்துவரின் கிண்ணத்தில் ஊற்ற ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. கிண்ணம் நிறைந்து, தட்டில் வழிந்து, விரிப்பு நனைந்தது. அப்படியே இரண்டு கையாலும் எடுத்துப் பணிவாக நீட்டினாள்.

"அம்மா..." என்றான் தோஹிர். "டாக்டரப் போய்..."

முனவ்வரின் முகம் வெளுத்துவிட்டது.

மருத்துவரும் இந்த ஊர்க்காரிதான். கோபிக்காமல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "எவ்வளவு நாளா இப்படி ஊத்துறாங்க?"

"மார்ச்சுலேர்ந்து" என்றாள் மஸ்தூரா. அதற்கு மேல் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டாள்.

மருத்துவர் விளக்கினார். "தோலை ஒட்ட வச்சிருக்கிற பசை மாதிரி ஒண்ணு இருக்கு. உடம்போட காவல்காரனே அதை எதிரின்னு நெனச்சு அடிச்சா இந்தக் கொப்புளம் வரும். அதே இனத்துப் பசை மூளையிலயும் இருக்கு. அதனாலயோ என்னவோ, ஞாபகம் தேயறவங்களுக்கும் கைநடுக்கம், பக்கவாதம் வந்தவங்களுக்கும் இது அதிகமா வருது. ஏன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியல. ஓரத்துல துளி தோல் எடுத்து அனுப்பிப் பாக்கணும். இது ஒட்டிக்கிற நோயில்ல. கொப்புளம் களிம்புல ஆறும். மறதி..." அவர் முடிக்கவில்லை. முடிக்காததிலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?" முனவ்வரின் குரலில் இப்போது அதட்டல் இல்லை.

"ஒரு நாள் அடுப்படியில என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு அழுதாங்கக்கா. 'எனக்கு எல்லாம் நழுவுது மஸ்தூரா, எம் பொண்ணுக்குத் தெரிய வேணாம், அவ என்னை ராணி மாதிரி நெனச்சிட்டிருக்கா'ன்னு. சத்தியம் வாங்கிட்டாங்க. நான் எப்படிச் சொல்வேன்?"

"அந்த முழுக் கிண்ணம்? தெனமும் அதையா குடிச்சே?"

"குடிச்சேன். நெசமாவே போகச் சொல்றாங்களோன்னு தெனமும் பயந்துகிட்டேதான் குடிச்சேன்."

முனவ்வர் எழுந்து வந்தாள். அடிக்கப் போகிறாளோ என்று மஸ்தூரா ஒரு கணம் பின்வாங்கினாள். அந்தப் பின்வாங்கல்தான் முனவ்வரை உடைத்தது. "என்னப் பாத்து இப்படி ஒதுங்குற அளவுக்கு வச்சிட்டேனேடி பாவி..." என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டு விம்மினாள். வாசலில் நின்ற பிள்ளை ஓடி வந்து இருவர் காலையும் கட்டிக்கொண்டது.

பத்து நாளில் சோதனை முடிவு வந்தது. மருத்துவர் சொன்னதேதான். களிம்பில் கொப்புளங்கள் வற்றின. முனவ்வர் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறாள். களிம்பு தடவுவது அவள் வேலை.

அப்படி அவள் வந்திருந்த ஒருநாள் கரோமத் அம்மாள் தேநீர் ஊற்றினாள். முதலில் மஸ்தூராவுக்கு. விளிம்பு வரை, வழிய வழிய.

"ஏம்மா இவளுக்கு இவ்வளவு ஊத்துறே?" முனவ்வர் மெல்லக் கேட்டாள்.

கரோமத் அம்மாள் மகளை யாரோ வெளியூர்க்காரி போலப் பார்த்தாள். பிறகு ரகசியம் சொல்வது போலக் குனிந்தாள்.

"கொஞ்சமா ஊத்துனா சட்டுனு குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிடுவா. நெறைய இருந்தா முடிக்கிற வரைக்கும் எம் பக்கத்துல இருப்பால்ல? இவ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

மஸ்தூரா கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிக மெதுவாகக் குடித்தாள்.