இரண்டாவது சம்மதம்

1912 நவம்பர் ஒன்பதாம் தேதி காலை, நகரத்துக்கு வடக்கே இருந்த கல்குவாரியின் மூன்றாவது குழியில் ஓர் ஆணின் பிணம் கிடைத்தது. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். இடது கை மோதிர விரலின் நுனி பழைய காயத்தால் இல்லை. முகம் சுத்தியலால் அடித்துச் சிதைக்கப்பட்டிருந்தது. கீழ்த்தாடை நான்கு முழம் தள்ளிக் கிடந்தது. அடையாளம் தெரியாதவர் என்று எழுதி விசாரணை அதிகாரி கோப்பை மூடினார்.

நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கோப்பைப் பிரித்தவள் ஒரு நூலகர். இணையத்தில் வம்ச மரம் வரைகிறவர்கள் அவளைக் கத்தரி என்று கூப்பிடுவார்கள். அந்த வம்ச மரத் தளத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் முன்னோரைப் பதியலாம். ஆர்வக்கோளாறில் பலர், பெயரும் பிறந்த வருடமும் ஒத்துப்போனால் போதும், இரண்டு பேரை ஒரே ஆளாக்கி ஒட்டிவிடுவார்கள். அங்கே ஒன்பது வயதில் தாயான பெண்கள் இருந்தார்கள். செத்து ஆறு வருடம் கழித்துப் பிள்ளை பெற்ற ஆண்களும் இருந்தார்கள். அப்படி ஒட்டப்பட்டவர்களை ஆதாரம் காட்டி வெட்டிப் பிரிப்பதுதான் கத்தரியின் பொழுதுபோக்கு. இதுவரை முந்நூறு பேருக்கு மேல் பிரித்திருந்தாள்.

இந்த முறை வேலை அவள் குடும்பத்துக்குள்ளேயே வந்தது.

ஒரு திங்கட்கிழமை மதியம், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பிளாஸ்டிக் பையோடு நூலகத்துக்கு வந்தார். பையில் ஏழு பழைய கடிதங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

“என் அப்பாவோட அம்மா, அவங்க அண்ணனுக்கு எழுதினதும்மா. குவாரி வேலைக்குன்னு போனவர். அப்புறம் ஊர் மாறிக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு யாரோ சொல்லி, அந்த விலாசத்துக்கு எழுதியிருக்காங்க. ஏழும் திரும்பி வந்திருச்சு. அந்த அண்ணன் உங்க மரத்துல கொள்ளுத்தாத்தாவா இருக்காரே, அதான் வந்தேன்.”

“ஆள் வீடு மாறியிருப்பாருங்க.”

தபால்காரர் உறையின் மேல் இருந்த முத்திரையை விரலால் தொட்டுக் காட்டினார். “முப்பத்தோரு வருஷம் தபால் கொடுத்தவன் நான். ஆள் இல்லைன்னா அதுக்கு வேற முத்திரை. இது, ஆள் வீட்ல இருந்து, கையில வாங்கிப் பாத்து, வேண்டாம்னு சொன்னது.”

அன்று இரவு கத்தரி தளத்தைத் திறந்தாள். அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் பக்கத்தில் ஒரு சின்ன முரண் இருப்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். 1909 குவாரி ஆள் பதிவேட்டில் அவர் உயரம் ஐந்தடி இரண்டு. ஒரு விரல் நுனி இல்லை. 1915 ராணுவ ஆள்சேர்ப்புத் தாளில் அதே பெயர், அதே பிறந்த தேதி. உயரம் ஐந்தடி பத்து. விரல்கள் பத்தும் முழுசு. குமாஸ்தா தவறாக எழுதியிருப்பார் என்று தளத்தில் யாரோ குறிப்புப் போட்டிருந்தார்கள். ஊரார் மரங்களில் எல்லாம் துப்புத் துலக்கியவள், சொந்த மரத்தில் அதை அப்படியே விட்டிருந்தாள்.

ஆவணக் காப்பகத்தில் நான்கு நாள் உட்கார்ந்து, குவாரிச் சாவுகளைப் புரட்டி, 1912 கோப்பைக் கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை மாலை அதன் நகலைத் தம்பியிடம் நீட்டினாள்.

தம்பி பஸ் டிரைவர், நாற்பது வயது, கல்யாணமாகாதவன். அக்காவோடுதான் இருந்தான். கொள்ளுத்தாத்தாவின் பெயரைத்தான் அவனுக்கு வைத்திருந்தார்கள். அந்தக் குடும்பத்து ஆண்கள் எல்லோரையும் போல அவனும் குனிந்துதான் நிலைப்படி தாண்டுவான்.

“அப்போ குட்டையானவரைக் கொன்னுட்டு, நெட்டையானவன் அவர் காகிதத்தை எடுத்துக்கிட்டு அவராவே வாழ்ந்திருக்கான். நாம நெட்டையோட வாரிசு. அதானே?”

“ஆமா.”

“நல்ல வேளை. குட்டையோட வாரிசா இருந்தா எனக்கு பிரேக் எட்டாது.”

“சிரிக்காதடா.”

“பின்ன அழணுமா? நூறு வருஷமா நிம்மதியா செத்துக் கிடக்கறவனை எழுப்பி உக்கார வச்சு விசாரணை பண்றே. நமக்கெதுக்குக்கா?”

“அவர் தங்கச்சி, எழுதினதையெல்லாம் அண்ணனே வேண்டாம்னு திருப்பிட்டார்னு நினைச்சே செத்திருக்கா.”

தம்பி நகலை மடித்து அவளிடமே கொடுத்தான்.

தளத்தில் ஒரு விதி உண்டு. இரண்டு பேரைப் பிரிக்கவோ சேர்க்கவோ உறுப்பினர் இருவர் சம்மதிக்க வேண்டும். சனிக்கிழமை மூன்று மணிக்கு நூலகக் கணினியில் கத்தரி முதல் சம்மதத்தை அழுத்தினாள். தபால்காரர் தன் கைபேசியில் இரண்டாவதை அழுத்தினார். பக்கம் இரண்டாகப் பிரிந்தது. குட்டையானவர் தன் பெயரோடும் தங்கையோடும் 1912இல் இறந்தவரானார். நெட்டையானவனுக்கு வைக்கப் பெயர் இல்லை. அந்தக் கட்டத்தில் ‘பெயர் தெரியாதவர்’ என்று விழுந்தது. அதன் கீழே கத்தரியின் வம்சம் முழுவதும் தொங்கியது.

தபால்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. புத்தக அடுக்குகளுக்குப் பின்னால், உளியின் தலையில் சுத்தியல் விழும் சத்தம். டிங். சிறிது இடைவெளி. டிங்.

“பக்கத்துல கட்டட வேலையாம்மா?”

“இருக்கும்,” என்றாள். பக்கத்தில் எந்தக் கட்டடமும் எழவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தபால்காரரின் மகள் கூப்பிட்டாள். குரல் ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தது. அழுது முடித்த குரல்.

“அக்கா, அப்பா போயிட்டாரு. குளியலறைல முகச் சவரம் பண்ணிட்டு இருந்தாரு. நான் வெளில துணி காயப் போட்டுட்டு இருந்தேன். டிங் டிங்னு சத்தம். குழாய் ரிப்பேர் பண்றாருன்னு நினைச்சேன்.”

“அப்புறம்?”

“கதவு உள்பக்கம் தாழ். உடைச்சுத்தான் போனோம். மூஞ்சி இல்லக்கா. காது இருந்துச்சு. காதை வச்சுத்தான் அப்பான்னு சொன்னேன்.” மூச்சு வாங்கினாள். “பல்லு சுவத்துல பதிஞ்சிருந்துச்சு. தரையெல்லாம் வெள்ளையா மாவு மாதிரி. போலீஸ்காரர் தொட்டுப் பாத்து, கல்தூள்னாரு.”

கத்தரி கைபேசியை வைத்தாள். தளத்தின் மணி ஒலித்தது. புதிய அறிவிப்பு.

‘பெயர் தெரியாதவர்’ என்ற கட்டத்துக்குப் பொருத்தம் ஒன்று முன்மொழியப்பட்டிருந்தது. இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில். இடது பக்கம் அவன். வலது பக்கம் தம்பியின் பெயர், படம், பிறந்த தேதி.

இருவரும் ஒரே நபரா?

முன்மொழிந்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. முதல் சம்மதம் வந்துவிட்டது. தம்பியின் பக்கத்தைப் பராமரிப்பவள் என்ற முறையில் இரண்டாவது சம்மதம் அவளுடையது.

பெயர் பறிபோனவன் அடுத்த பெயரைத் தேடுகிறான். ஒரு முறை எப்படி எடுத்தான் என்று கோப்பில் எழுதியிருந்தது.

அவள் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

தம்பி காலை ஷிப்ட் முடித்துச் சீருடையோடு சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் முழுக்க வெயில். அவள் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். தபால்காரருக்கு நடந்ததையும் சொன்னாள்.

“என் பேரை எடுத்துக்கிட்டா காலைல நாலு மணி வண்டியையும் அவனே ஓட்டட்டும். இல்லைன்னு போட்டுட்டுப் போக்கா.”

அவள் ‘இல்லை’ என்பதை அழுத்தினாள்.

மேசை மேல் இருந்த தம்பியின் வலது கை நசுங்கியது.

சத்தம் முதலில் வந்தது, டிங் என்று, கல்லில் விழுவது போல. பிறகுதான் எலும்பு நொறுங்கும் சத்தம். தம்பி கத்தவில்லை. தன் கையை ஆச்சரியமாகப் பார்த்தான். நடுவிரல் பின்பக்கமாக மடிந்து மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரத்தம் மேசை விளிம்பு வரை ஓடி, நூலாக இறங்கியது.

திரையில் அதே கேள்வி மறுபடி வந்தது.

இருவரும் ஒரே நபரா?

“அக்கா,” என்றான் தம்பி மெதுவாக. “என் பின்னாடி யாரோ நிக்கறாங்க.”

அவன் பின்னால் வெயிலில் தூசி மிதந்தது. அந்தத் தூசி ஓரிடத்தில் மட்டும் விழாமல் தங்கியிருந்தது. ஒரு தோள். ஒரு முழங்கை. கூரையில் இடிக்காமல் குனிந்த ஒரு தலை. நனைந்த கல்லின் வாசனையும் பழைய இரும்பின் வாசனையும் அறையை அடைத்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் தூசி எதுவும் ஒட்டவில்லை.

அவள் கை தானாகவே மறுபடி ‘இல்லை’யை அழுத்தியது.

அடி தாடையில் விழுந்தது. தம்பி நாற்காலியோடு சாய்ந்தான். வாயிலிருந்து தரையில் சிதறிய பற்களில் ஒன்று அவள் பாதத்தின் மேல் வந்து நின்றது; சூடாக இருந்தது. அவள் அவன் மேல் விழுந்து மறைத்தாள். ஒரு கை அவள் கூந்தலைப் பிடித்து, மூட்டையை ஓரமாக வைப்பது போல, அவளைச் சுவரோரம் இழுத்து வைத்தது. அவளை அடிக்கவில்லை. அவளுடைய விரல் அவனுக்கு வேண்டும்.

அடுத்த அடி இடது கண்ணில்.

தம்பி இப்போது கத்தினான். தாடை தொங்கியதால் வார்த்தை எதுவும் உருவாகவில்லை.

மடிக்கணினி தரையில் கவிழ்ந்து கிடந்தது. அவள் ஊர்ந்துபோய் அதைத் திருப்பினாள். ‘இல்லை’ என்றால் அடி. ‘ஆம்’ என்றால் தம்பி என்று ஒருவன் இருக்க மாட்டான். தம்பியின் பெயரில் வேறொருவன் இருப்பான். மூன்றாவது பொத்தான் கிடையாது.

அவள் அந்தக் கேள்வியை விட்டுவிட்டுக் குட்டையானவரின் பக்கத்தைத் திறந்தாள். ரத்தம் பட்ட விரல்கள் விசைகளில் வழுக்கின. சேர்க்க வேண்டியவர்: பெயர் தெரியாதவர். தளம் காரணம் கேட்டது. முந்நூறு பேரைப் பிரித்தவள், வாழ்க்கையில் முதல் முறையாகப் பொய்க் காரணம் எழுதினாள். குமாஸ்தாவின் பிழை.

முதல் சம்மதம் பதிவானது. இன்னொரு உறுப்பினரின் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறது என்று திரை சொன்னது.

இன்னொரு உறுப்பினர் சவக்கிடங்கில் இருந்தார்.

“உன் பேரை நீயே வச்சுக்கோ,” என்று தூசியைப் பார்த்துக் கிசுகிசுத்தாள். “நூறு வருஷமா வச்சிருந்த பேரு. இவனை விட்டுடு.”

தூசிக் கை தம்பியின் தலைக்கு மேல் உயர்ந்தது.

அங்கேயே நின்றது.

குழாயில் தண்ணீர் சொட்டியது. தம்பியின் தொண்டையில் ரத்தம் குமிழியிட்டது. அவள் நொடிகளை எண்ண ஆரம்பித்து, எண்ண முடியாமல் விட்டாள்.

திரையில் இரண்டாவது சம்மதம் விழுந்தது.

இரண்டு கட்டங்களும் நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே கட்டமாயின. தூசி தன் கனத்துக்குத் தரையில் இறங்கியது. ஜன்னல் வழியே, தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

தம்பி பிழைத்தான். தாடையில் இரண்டு தகடுகள் வைத்தார்கள். இடது கண் போய்விட்டது. வலது கையால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்பதால் டிப்போ அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். போலீஸ் அறிக்கையில் மாடிப்படியிலிருந்து விழுந்ததாக எழுதினார்கள். அந்த வீட்டில் மாடிப்படி கிடையாது.

இரண்டாவது சம்மதம் யாருடையது என்று கேட்டு அவள் தள நிர்வாகத்துக்கு எழுதினாள். அப்படி ஒரு கணக்கே எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது.

நாற்பது நாள் கழித்துத் தபால்காரரின் மகள் கூப்பிட்டாள்.

“அப்பா கடைசியா அந்த அண்ணனைத்தான் தேடிட்டு இருந்தாரு. மரத்துல பாத்தேன், பழையபடியே இருக்கு. அவரு நிஜமாவே கடுதாசியெல்லாம் வேண்டாம்னுதான் சொன்னாராக்கா?”

பக்கத்து அறையில் தம்பி கஞ்சியை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“ஆமாம்மா,” என்றாள் கத்தரி. “அவரேதான்.”

அன்று மாலை அவள் தளத்திலிருந்து தன் கணக்கை நீக்கப் போனாள். அவள் செய்த திருத்தங்கள் வரிசையாக இருந்தன. பிறர் செய்த திருத்தம் உதவியாக இருந்தால் நன்றி சொல்ல அங்கே ஒரு பொத்தான் உண்டு. கடைசித் திருத்தத்துக்கு ஒருவர் நன்றி தெரிவித்திருந்தார். பெயர் இருக்கும் இடத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் இருந்தது. நேரம், அன்று மாலை ஐந்து பத்து. தபால்காரரின் மகளிடம் பேசிவிட்டு அவள் கைபேசியை வைத்த நிமிடம்.