பட்டிக்காரி ஹெட்டி

யார்க்‌ஷயர் மலைச்சரிவில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு, பெயர்களைப் பற்றியது. அவரவர் குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று விசாரித்து வந்து சொல்ல வேண்டும் என்பது ஓல்ட்ராய்ட் டீச்சரின் உத்தரவு.

முதலில் வாக்கர் வீட்டுப் பையன் எழுந்தான். அவனுடைய முன்னோர்கள், தொட்டியில் ஊறிய கம்பளித் துணியை நாள் முழுக்கக் காலால் மிதித்துக் கெட்டியாக்கியவர்களாம். எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்மித் என்றால் கொல்லர். அதற்கும் கைதட்டல்.

அடுத்தது ஹெட்டி பிண்டர். பத்து வயதுப் பெண்.

“பிண்டர்னா பட்டிக்காரர், மிஸ். அந்தக் காலத்துல ஆடு மாடு அவுத்துக்கிட்டு வந்து ஊர்ப் பயிரை மேய்ஞ்சா, அதைப் பிடிச்சுப் பட்டியில அடைக்கிறவரு. சொந்தக்காரங்க தண்டம் கட்டிட்டுத்தான் ஓட்டிட்டுப் போகணும். அந்த வேலையோட பேரே அப்புறம் குடும்பப் பேரா ஒட்டிக்கிச்சு.”

கடைசி பெஞ்சிலிருந்து ரோவன் தாக்ரே குரல் கொடுத்தான். அவன் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஆட்டுப் பண்ணைதான்.

“அப்ப எங்க ஆட்டைப் பிடிச்சுக் காசு பிடுங்குனது உங்க ஆளுங்கதானா?”

வகுப்பே சிரித்தது. மணி அடிப்பதற்குள் ஹெட்டிக்குப் ‘பட்டிக்காரி’ என்று பெயர் விழுந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஹெட்டியின் அப்பா பஸ் ஓட்டுநர். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து, ரொட்டிமேல் பீன்ஸைப் பரப்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, நம்ம பேரை மாத்திக்கலாமா? அம்மா வீட்டுப் பேரு பூத். அது நல்லாத்தானே இருக்கு?”

“பூத்னா மாட்டுக் கொட்டாய்க்காரங்கம்மா. பட்டி தேவலாமா, கொட்டாய் தேவலாமா?”

ஹெட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“நிஜமாவே வேணும்னா மனு போட்டு மாத்திடலாம். ரெண்டு நாள் யோசி.”

மறுநாள் காலை அம்மா அவளை ஓட்ஸ் வாங்க அனுப்பினாள். கடைக்குப் போய்த் திரும்பும்போது, ரோட்டு வளைவுக்கு அருகே ஹெட்டி சைக்கிளை நிறுத்தினாள். நடுரோட்டில் ஒரு செம்மறிக் கிடா நின்றது. சுருண்ட கொம்பு, கறுப்பு மூஞ்சி. ரோவன் வீட்டு மேஜர்தான். கண்காட்சிக்காகவே வளர்க்கிற கிடா.

கல்குவாரி லாரிகள் பறக்கிற ரோடு அது. அக்கம்பக்கத்தில் ஆளே இல்லை.

பின்னால் ஓடினால் ஆடு முன்னால் ஓடும். அந்த ஊரில் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும். ஹெட்டி ஓட்ஸ் பொட்டலத்தைப் பிரித்துச் சலசலவென்று ஆட்டினாள். மேஜர் காதை நிமிர்த்தியது. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். அதுவும் பின்னாலேயே வந்தது.

எங்கே அடைப்பது? தாக்ரே பண்ணை வளைவைத் தாண்டி இருந்தது. பக்கத்தில் இருந்தது பழைய ஊர்ப் பட்டி மட்டும்தான். வட்டமாக, நெஞ்சளவு உயரக் கல்சுவர். ஆனால் அதற்குள் இப்போது பூச்செடிகள். புதன்கிழமை ‘அழகான கிராமம்’ போட்டிக்கு நடுவர்கள் வருகிறார்கள். ஊர்ப் பெண்கள் மாதக்கணக்கில் பாடுபட்டு வளர்த்த செடிகள்.

ஹெட்டி தயங்கினாள். தூரத்தில் லாரியின் ஹாரன் கேட்டது. அவ்வளவுதான், கிடாவை உள்ளே விட்டுவிட்டாள்.

பட்டிக்குக் கதவு கிடையாது. சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி அவளும் காவல் நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றி, தன் பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றி வைத்தாள். மேஜர் தண்ணீரைக் குடித்தது. பிறகு செண்டுமல்லியைச் சாப்பிட ஆரம்பித்தது.

“ஐயோ, என் பூவு!”

மிசஸ் கிளெக் கையில் பூவாளியோடு ஓடிவந்தார். பூந்தோட்டக் குழுவின் தலைவி அவர்.

“ஏண்டி, பூந்தோட்டத்துல கொண்டுவந்து யாராவது கிடாவை விடுவாங்களா?”

“இது ஆட்டுப்பட்டின்னு நீங்க மாட்டுன பலகையிலயே போட்டிருக்கே, மிசஸ் கிளெக்.”

அவர் பலகையைப் பார்த்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கல் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் பாய்ந்து, சுவரே அதிரும்படி கடந்து போனது. மிசஸ் கிளெக்கின் முகம் மாறிவிட்டது.

“சரி கண்ணு. அந்த ரோஜாவையாவது காப்பாத்து.”

சற்று நேரத்தில் ரோவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். கண்கள் சிவந்திருந்தன. மேஜரைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து அழுதே விட்டான்.

“நான்தான் கேட்டைச் சாத்த மறந்துட்டேன். அப்பாவுக்குத் தெரியாது. விட்டுடு ஹெட்டி, ஓட்டிட்டுப் போயிடறேன்.”

“தண்டம்?”

“எங்கிட்ட காசு இல்ல.”

“காசு யாரு கேட்டா? புதன்கிழமைக்குள்ள இங்க திரும்பச் செடி நடணும். மண்ணை நீ வெட்டு. உள்ள விட்டது நான், அதனால நானும் வர்றேன்.”

ரோவன் தலையாட்டினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“எங்கப்பாகிட்ட சொல்லிடுவியா?”

“ஆட்டை அடைக்கிறதுதான் பட்டிக்காரங்க வேலை. கோள் சொல்றது இல்ல.”

அவன் மேஜரின் கழுத்தில் கயிற்றை மாட்டினான்.

“நேத்து நான் பேசுனதுக்கு...”

“அடுத்த லாரி வர்றதுக்குள்ள ரோட்டைத் தாண்டுடா முதல்ல.”

மூன்று நாள் சாயங்காலமும் இருவரும் மண்ணில் புரண்டார்கள். கிராமத்துக்குப் பரிசு கிடைக்கவில்லை. கண்காட்சியில் மேஜருக்குத்தான் கிடைத்தது. செண்டுமல்லி தின்ற தெம்பு என்று மிசஸ் கிளெக் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஹெட்டி காவல் நின்ற கதையும் அப்படியே ஊரெல்லாம் பரவியது.

அடுத்த வாரம், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. அப்பா எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, போனை ஹெட்டியிடம் நீட்டினார்.

“ஆலைக்காரர் வீட்டு வாத்தெல்லாம் ரோட்டுல நிக்குதாம். பஸ் ஓட்டுறவரு வேணாமாம், பட்டிக்காரங்கதான் வேணுமாம்.”

ஹெட்டி ஒரு கையால் கோட்டை மாட்டிக்கொண்டே போனை வாங்கினாள்.

“சொல்லுங்க. பிண்டர்தான் பேசறேன்.”