மேல்வீட்டு மரத்தரை

டொக்... டொக்... டொக்...

டெஸ்மண்ட் தலையணையை எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டான். சத்தம் அதையும் தாண்டி வந்தது. ஹாலிஃபாக்ஸ் நகரமே வேலை பார்க்கும் மதிய நேரத்தில்தான் அவனுக்குத் தூங்கக் கிடைக்கும். ஊர் விழிக்குமுன் பேக்கரி அடுப்பை மூட்டியாக வேண்டிய பிழைப்பு.

பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை. விறுவிறுவென்று படியேறி மேல்வீட்டுக் கதவைத் தட்டினான்.

கதவு திறந்தது. கையில் ரப்பர் சுத்தியல், கூந்தலெங்கும் மரத்தூள்... நடுவே, மழைக்கு முந்தைய கடல்போலச் சாம்பல் நிறத்தில் இரண்டு கண்கள். திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்துவந்த வார்த்தைகள் எங்கே போயின?

"என்ன வேணும்?" என்றாள்.

"தூக்கம்..."

"அது இங்க விக்கிறதில்லையே!"

"இருந்ததையும் நீங்கதான் திருடிட்டீங்க. நான் கீழ் வீடு."

"பட்டப்பகல்ல யாருங்க தூங்குவாங்க?"

"ராத்திரியெல்லாம் உங்களுக்கு ரொட்டி சுடுறவன் தூங்குவான்."

அவன் புருவத்தில் ஒட்டியிருந்த மாவை அப்போதுதான் கவனித்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் திரும்பியவளுக்குப் பின்னால் அறையே அலங்கோலமாகக் கிடந்தது. கிழித்தெடுத்த பழைய கார்ப்பெட் ஒரு மூலையில் சுருட்டிக் கிடக்க, சமையல் பாத்திரங்கள் கட்டிலில் ஏறியிருந்தன. சுவரோரம் மேப்பிள் மரப் பலகைகளின் அடுக்கு.

"தரை மாத்துறேன். தனியாத்தான். நீங்க முழிச்ச பிறகு தட்டினா சரியா?"

"நான் முழிச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்..."

"அப்போ நானே வந்து சொல்லிட்டுப் போறேன்!"

சொன்னபடியே வந்தான், சூடான லவங்கப்பட்டை ரொட்டியோடு. சொல்லிவிட்டுப் போகத்தான் மறந்துபோனான். பலகை ஒவ்வொன்றாக அவன் எடுத்துக் கொடுப்பான். கோரின் (அதுதான் அவள் பெயர்) அதை முந்தைய பலகையோடு கோத்துத் தட்டுவாள். ஒருமுறை விரல்கள் உரசிக்கொண்டன. இருவரும் அவசரமாக ஜன்னலைப் பார்த்தார்கள்... வெளியே மழை. 'இவன் நாளைக்கும் வருவானா?' என்ற நினைப்பு வந்ததுமே கோரினுக்குக் கவனம் பலகையில் இல்லை. அந்த வரிசை கோணலாகப் போனது.

"சே! மறுபடி பிரிக்கணும். பேசாம இந்தப் பக்கத்தை அப்படியே விட்டுடலாமான்னு இருக்கு."

"எதையுமே பாதியில விடுற ஆள் போலிருக்கே நீங்க!"

விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் முகம் சட்டென்று இருண்டது.

அவளோடு நிச்சயித்த கல்யாணத்தை முறித்துக்கொண்டு பெட்டியோடு வாசலில் நின்ற ஜில் என்பவன் கடைசியாகச் சொன்ன வார்த்தைகள் அவை. 'எதையுமே பாதியில விடுறவ நீ.' அதற்குப் பிறகுதான் இந்தத் தரையையே தொட்டாள். யார் கையும் படாமல் முடித்துக்காட்ட வேண்டும் என்ற வெறி.

"கிளம்புங்க."

"ஐயோ, சும்மா சொன்னேங்க..."

"என் வீட்டு வேலையை நான் பார்த்துக்குவேன். இனிமே மேல வராதீங்க."

அவனுக்கும் ரோஷம் இருந்தது. "வேண்டாம்னா வேண்டாம்!" என்று இறங்கிவிட்டான்.

அன்றிலிருந்து அவன் பேக்கரிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அவள் தட்டினாள். மதியம் வீடு நிசப்தமாக இருந்தது. எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் தூக்கம்? புரண்டு புரண்டு படுத்தான். மழையைக் கேட்டுக்கொண்டே கிடந்தான். மறுநாள் மாவில் உப்பை இருமுறை போட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மேலே தரை முடிந்தது. கடைசிப் பலகை பொருந்தியதும் கோரின் எழுந்து நின்றாள். தேன் நிறத்தில் அறையே ஜொலித்தது. ஜெயித்துவிட்டாள்... ஆனால், உள்ளே ஏன் இப்படித் தவிக்கிறது? இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தாள். வழுவழுவென்றிருந்த தரையில் கால் தரிக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே டெஸ்மண்ட் குடையில்லாமல் நனைந்தபடி வீட்டுக்குள் நுழைந்தான். நிமிர்ந்து ஒரு பார்வை... ம்ஹும்.

'பார்க்க மாட்டியா? இரு!'

டொக்... டொக்... டொக்!

கீழே டெஸ்மண்ட் துள்ளி எழுந்தான். ஈரச் சட்டையோடு, செருப்புகூடப் போடாமல் ஓடினான். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே கால் வைக்கத் தயங்கி வாசலிலேயே நின்றான்.

"தரைதான் முடிஞ்சிருச்சே... அப்புறம் எதைங்க தட்டுறீங்க?"

அவள் காலடியில் மிஞ்சிப்போன ஒரு துண்டுப் பலகை. கன்னம் சிவந்துவிட்டது.

"இதைத்தான். நீங்க வந்து சண்டை போடணும்னு..."

"சண்டை போட வரல. அன்னைக்கு என்ன தப்பாச் சொன்னேன்னு இன்னும் புரியல. ஆனா உங்களுக்கு வலிச்சது தெரிஞ்சுது. மன்னிச்சிடுங்க."

"அதையே சொல்லிட்டு ஒருத்தன் என்னை விட்டுட்டுப் போனான். நீங்களும் சொன்னதும்... பயந்துட்டேன்."

"எதுக்குப் பயம்?"

"நீங்களும் போயிடுவீங்கன்னு. அதான் நானே முந்திக்கிட்டு அனுப்பிட்டேன்..."

அவள் குரல் உடைந்தது. கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"கோரின்... அந்தச் சுத்தியலைக் கீழ வை."

அவன் 'வை' என்றதை இருவருமே கவனித்தார்கள்.

"ஏன்?"

"நான் சொல்றது உனக்குச் சரியாக் கேக்கணும். நீ தட்டினாலும் எனக்குத் தூக்கம் வரல, தட்டாட்டியும் வரல. கதவைத் திறந்துட்டு நின்னியே, அப்பவே எல்லாம் போச்சு. எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. நீ போன்னு சொன்னாக்கூட இனிமே போக மாட்டேன்."

அவள் சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தாள். சாம்பல் கண்கள் நிறைந்து வழிந்தன.

"எனக்கும்தான்... சொல்லத் தைரியம் வராமத்தான் தட்டினேன்," என்றாள். "உள்ள வாங்க..." பிறகு தலையை அசைத்துத் திருத்திக்கொண்டாள். "இல்ல... உள்ள வா, டெஸ்மண்ட்."