பெரியவரும் பொடியனும்

பெட்டியைத் தூக்கியதும் எடைமுள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது.

அப்பா எடைக் கொக்கியைப் பெட்டியின் பிடியில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தூக்கினார். முள் அதே இடத்துக்குத்தான் போனது. கப்பல் நிற்கும் ஊருக்கு விமானத்தில்தான் போக வேண்டும்; இவ்வளவு கனத்தை அதில் ஏற்ற மாட்டார்கள்.

"இன்னும் எதையாவது எடுக்கணுங்க," என்றார் அம்மா.

அப்பா ஒரு துண்டை எடுத்தார். முள் அசையவில்லை. கம்பளிச் சட்டையை எடுத்தார். கொஞ்சூண்டு இறங்கியது. பிறகு நன்றாக யோசித்துப் பற்பசையை எடுத்தார்.

"பல்லே தேய்க்காம கப்பல ஓட்டப் போறீங்களா?"

"நான் எங்க ஓட்டறேன்? நான் கீழ எஞ்சின் ரூம்ல இருக்கற ஆளு. என் பல்ல யாரு பாக்கப் போறா?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த மிளகு களுக்கென்று சிரித்துவிட்டாள். மிளகு என்பது சித்தப்பா வைத்த பெயர். ஆள் சிறிசு, காரம் அதிகம் என்று வைத்தாராம். பள்ளிக்கூடத்துக்கு வேறு பெயர் இருக்கிறது. வீட்டில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"எதுக்குச் சுத்தி வளைக்கணும்? அந்தப் பெரியவர வெளிய வச்சா எல்லாம் சரியாப் போயிடும்," என்றார் அம்மா.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது.

பெரியவர் என்பது அப்பாவின் காமிரா. கறுப்பாக, கனமாக, கழுத்தில் மாட்டினால் கழுத்தே முன்னால் சாய்கிற டிஎஸ்எல்ஆர். மிளகு பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்தவர். வயதுக்கு மரியாதை கொடுத்து, "பெரியவர் எங்க? பெரியவர் தூங்கறாரா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அவருக்கு இரண்டு லென்சு, தனிப் பை, துடைக்க ஒரு மெத்தென்ற துணி. அந்தத் துணியை வேறு எதற்கும் தொடக் கூடாது. ஒருநாள் மிளகு அதில் மூக்கைத் துடைத்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வீட்டில் இன்னொரு காமிராவும் இருந்தது. கடைக் குலுக்கலில் அம்மாவுக்கு விழுந்தது. சட்டைப் பையில் போட்டால் போட்டதே தெரியாது. அவன் பெயர் பொடியன். அவனுக்குப் பையும் கிடையாது, மரியாதையும் கிடையாது. "அந்தப் பொடியன் எங்க கிடக்கறான் பாரு," என்பார்கள். பெரும்பாலும் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் கிடப்பான்.

"பொடியன எடுத்துட்டுப் போங்கப்பா. அவனுக்கு எடையே இல்ல," என்றாள் மிளகு.

"அவன் காமிராவா? பொம்மை!" என்றார் அப்பா. "உள்ள வெளிச்சத்த வாங்கறதுக்கு ஒரு தகடு இருக்கும். பெரியவருக்கு அது தபால்தலை அளவு. பொடியனுக்குச் சுண்டுவிரல் நகம் அளவுகூடத் தேறாது. சாயங்காலம் ஆனாலே அவனுக்குக் கண்ணு தெரியாது."

"போன்ல எடுங்களேன்."

"போன்தான் எண்ணெயில விழுந்து குளிச்சுதே? அதுல எடுத்தா எல்லாரும் புகைக்குள்ள நிக்கற மாதிரி இருக்காங்க."

மிளகு பெரியவரின் பையையே பார்த்தாள்.

போன தடவை அப்பா கப்பலுக்குப் போனபோதும் பெரியவரைத்தான் கொண்டுபோனார். கரை தொடும்போதெல்லாம் படங்கள் வரும். ஆரஞ்சு நிற வானம். கப்பலுக்குக் கூடவே பறக்கிற பறவை. கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும் கடல். சித்தப்பா அவற்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். "காலண்டர்ல போடலாம் அண்ணி!" என்பார். ஒரு படத்தைப் பெரிதாக்கித் தன் சலூனில் கண்ணாடிக்கு மேல் மாட்டியும் விட்டார். முடி வெட்ட வருகிறவர்கள் அதையே அண்ணாந்து பார்ப்பதால், பின்கழுத்தில் வெட்டுவதுதான் கஷ்டமாக இருக்கிறதாம்.

மிளகும் அந்தப் படங்களைப் பார்ப்பாள். ஓரம் ஓரமாகத் தேடுவாள். அப்பாவின் கையாவது, நிழலாவது இருக்குமா என்று பார்ப்பாள். இருக்காது.

போனில் பேசினாலும் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "படிச்சியா?" "படிச்சேன்." அப்புறம் இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியாது. இந்தத் தடவையும் அப்படித்தான் இருக்கப் போகிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் அப்பா வருத்தப்படுவார். அதனால் வேறொன்று சொன்னாள்.

"அப்பா, ஒரு போட்டி வச்சுக்கலாமா? நீங்க பெரியவரால எடுங்க. நான் பொடியனால எடுக்கறேன். நாளைக்குச் சாயங்காலம் அம்மா தீர்ப்பு சொல்லட்டும். ஜெயிக்கற காமிரா கப்பலுக்குப் போகட்டும்."

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாவம் உன் பொடியன்! சரி, வா பாத்துடலாம்."

மறுநாள் காலையிலேயே அப்பா களத்தில் இறங்கிவிட்டார். குழாய் நுனியில் தொங்கும் ஒரு சொட்டுத் தண்ணீரைப் படம் எடுக்க, ஈரத் தரையில் குப்புறப் படுத்தார். பிறகு மதில்மேல் பூனை வரும் என்று காத்திருந்தார். பூனை வந்தது. அவரைப் பார்த்தது. திரும்பிப் போய்விட்டது. மறுபடியும் காத்திருந்தார். அம்மா கொடுத்த தேநீர் அவருக்குப் பக்கத்திலேயே ஆறிப்போனது.

மிளகு எதற்கும் காத்திருக்கவில்லை. பொடியன் அவள் பையிலேயே இருந்தான். தோன்றும்போதெல்லாம் எடுத்தாள், அமுக்கினாள், போட்டுக்கொண்டாள். பொடியன் கொஞ்சம் சோம்பேறி. அமுக்கினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எடுப்பான். அதற்குள் எல்லோரும் நகர்ந்திருப்பார்கள்.

சாயங்காலம் சித்தப்பாவும் கடையைச் சாத்திவிட்டு வந்து சேர்ந்தார். அப்பா மெமரி கார்டைத் தொலைக்காட்சிப் பெட்டியில் சொருகினார்.

முதலில் பெரியவரின் படங்கள். தண்ணீர்ச் சொட்டுக்குள் முழு வீடும் தலைகீழாகத் தெரிந்தது. பூனையின் மீசையை ஒவ்வொரு முடியாக எண்ணலாம்.

"அடேங்கப்பா! காலண்டர்!" என்றார் சித்தப்பா.

மிளகுக்கும் வாய் பிளந்துவிட்டது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பொடியன் தலைகீழாக நின்றாலும் அப்படி எடுக்க முடியாது.

அடுத்து பொடியனின் படங்கள். முதல் படத்தில் பாதி மிளகின் கட்டைவிரல். இரண்டாவதில் அப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அடுத்ததில் ஈரத் தரையில் படுத்திருந்தார். கிழிந்த பனியன் வழியே முதுகு தெரிந்தது. சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதையும் காலண்டர்ல போடுடா," என்றார் அப்பா.

அப்போது இன்னொரு படம் வந்தது. சமையலறை வாசலில் அம்மா. கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் முடியை அள்ளிச் சுருட்டிக்கொண்டிருந்தார். வெளிச்சம் போதாமல் எல்லாம் ஆடிப்போய் இருந்தது.

அப்பா அடுத்த படத்துக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"இத எனக்குக் குடு. நான் கொண்டு போறேன்," என்றார் மெல்ல.

"ஆடிப்போயிருக்கேப்பா."

"பரவால்ல. காலையில அவ இப்படித்தான் நிப்பா. கப்பல்ல இருக்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மிளகு அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்களோடது மட்டும் ஆடிப்போனாலும் உங்களுக்கு வேணும். உங்களோடது எங்களுக்கு வேண்டாமா?"

"நான்தான் நல்ல நல்ல படமா அனுப்பறேனே, கண்ணு?"

"அதுல நீங்க இல்லையே! ஸ்கூல்ல அப்பா வேலை செய்யற இடத்த வரையச் சொன்னாங்க. நான் எஞ்சின் ரூம் வரைஞ்சேன். இவ்வளவு பெரிய ஜன்னல் போட்டேன். வெளிய கடல், பறவை எல்லாம் போட்டேன். உங்களுக்கு வெள்ளைச் சட்டை போட்டேன்."

அப்பா திகைத்துப்போனார். "அங்க ஜன்னலே கிடையாதும்மா. தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கற இடம் அது."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்க காட்டினது கடல் மட்டும்தானே?"

அப்பா தொலைக்காட்சியை அணைத்தார்.

"அது அழகான இடமில்ல, மிளகு," என்றார் அப்பா. "ஒரே சூடு, சத்தம். உடம்பெல்லாம் எண்ணெய். படி இறங்க ரெண்டு கையும் வேணும், பெரியவரத் தூக்கிட்டு இறங்க முடியாது. ஓய்வு கிடைச்சா மேல வந்து வானத்த எடுத்து அனுப்புவேன். நல்லதா நாலு பாத்துச் சந்தோஷப்படுங்களேன்னுதான். அந்த இடத்த எதுக்கு நீ பாக்கணும்?"

"அங்கதான நீங்க இருக்கீங்க."

"பாக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா எழுந்துபோனார்.

அன்றைக்கு அம்மா தீர்ப்பே சொல்லவில்லை. பெட்டியும் மூடாமலே கிடந்தது.

மறுநாள், கிளம்ப வேண்டிய நாள். மிளகு எட்டிப் பார்த்தபோது அப்பா பெரியவரை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசியே இல்லாத இடத்தையும் துடைத்தார். லென்சைக் கழற்றி, ஊதி, மறுபடியும் மாட்டினார். கப்பலில் அப்பாவுக்கு வீடு இல்லை, அம்மா இல்லை, மிளகு இல்லை. பெரியவரும் இல்லையென்றால் என்ன செய்வார்? மிளகுக்கு மனசு கேட்கவில்லை.

"அப்பா, நீங்க பெரியவரையே கூட்டிட்டுப் போங்க."

அப்பா நிமிர்ந்தார். "ஏன்? நேத்து அந்தப் பேச்சுப் பேசின?"

"அங்க உங்களுக்குத் துணைக்கு ஆள் வேணும்ல. பெட்டி கனமா இருந்தா, நான் உங்களுக்காக வச்ச கதைப் புத்தகத்த எடுத்துடுங்க. நான் கோச்சுக்க மாட்டேன். நீங்க வானத்தையே எடுத்து அனுப்புங்க. நான் பாக்கறேன்."

அப்பா அவள் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். சோப்பு வாசனை வந்தது. இந்த வாசனை எத்தனை நாள் ஞாபகம் இருக்கும் என்று மிளகு நினைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள்.

மத்தியானம் அப்பா கிளம்பிவிட்டார். வண்டி தெருமுனை திரும்பும்வரை கையாட்டினார்.

வீட்டுக்குள் வந்த மிளகு, கம்பளிச் சட்டையைக் காணோமே, கொண்டுபோய்விட்டாரா என்று பார்க்க அலமாரியைத் திறந்தாள். கம்பளிச் சட்டை இல்லை. கதைப் புத்தகம் இல்லை.

பெரியவர் இருந்தார். தன் பையில், மெத்தென்ற துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மிளகு ஓடிப்போய்ச் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் பார்த்தாள். பொடியனைக் காணவில்லை.

"அம்மா!" என்று கத்தினாள். அப்புறம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

வாரங்கள் ஓடின. கப்பல் ஒரு துறைமுகத்தைத் தொட்ட அன்று படங்கள் வந்தன. ஒன்று, இரண்டு என்றில்லை, வந்துகொண்டே இருந்தன.

ஒன்றுகூட நன்றாக இல்லை. பாதிப் படங்கள் இருட்டு, பாதிப் படங்கள் ஆட்டம். சிலவற்றில் லென்சில் ஆவி படிந்திருந்தது. எண்ணெய் ஒட்டிய காலணி. தட்டில் பாதி சாப்பிட்ட சாப்பாடு. சுவரோரம் ஒட்டிய குட்டிக் கட்டில், அதன் தலைமாட்டில் முடி சுருட்டும் அம்மாவின் படம். கீழே கீழே இறங்கும் இரும்புப் படிகள். வீட்டைவிடப் பெரிய ஓர் எஞ்சின். கடைசியாக, யாரோ எடுத்துக்கொடுத்த படம். அப்பாவின் முகம் முழுக்கக் கரி. பல் மட்டும் வெள்ளை வெளேரென்று சிரித்தது.

"அண்ணன் நல்லாத்தான் எடுத்துட்டு இருந்தாரு. இப்ப என்ன ஆச்சு?" என்று சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார்.

அம்மாவும் மிளகும் அவரைக் கவனிக்கவே இல்லை. கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். வழக்கம்போல் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

"சாப்பிட்டியா கண்ணு?"

"சாப்பிட்டேன். அப்பா, உங்க கையில என்ன கட்டு? படில ஒரு இடத்துல மட்டும் கயிறு சுத்தியிருக்கே, எதுக்கு? அந்தப் படத்த எடுத்தது யாரு?"

அப்பா ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். கட்டு ஒன்றுமில்லை, சூடான குழாயைத் தெரியாமல் தொட்டது, ஆறிவிட்டது. படம் எடுத்தவர் கூட வேலை செய்யும் மாமா, அவர் பாடினால் எஞ்சின் சத்தமே தேவலை. அப்புறம் அந்தப் படி. கீழேயிருந்து மூன்றாவது படி கொஞ்சம் ஆடும், தெரிவதற்காகக் கயிறு சுற்றியிருக்கிறார்கள். நம் ஊர் நேரப்படி எத்தனை மணிக்கு வேலைக்கு இறங்குவார் என்பதையும் சொன்னார். பேசினார், பேசினார், தொடர்பு அறுந்துபோகும்வரை பேசினார்.

மிளகு போனைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா இப்ப வேலைக்கு இறங்கற நேரம்," என்றாள்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அப்பாவுக்குப் பின்னாலேயே இரும்புப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினாள். கயிறு சுற்றிய படி வந்ததும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.