அட்டை மறைப்புக்குப் பின்னே

மூடப்பட்டு நெடுங்காலமாகிவிட்ட மருத்துவமனையின் கடைசி வார்டில் வாக்குச்சாவடி அமைந்திருந்தது. இரும்புக் கட்டில்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு மேசைகளைப் போட்டிருந்தார்கள். எத்தனை முறை கழுவியும் மருந்து நெடி அவ்வறையை விட்டு அகலவில்லை.

வாக்குப்பதிவு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவி, தேர்தல் பணிக்கு வந்திருந்த ஓர் ஆசிரியையின் பொறுப்பில் இருந்தது. விரலில் மை வைத்த வாக்காளர் வாக்களிக்கும் இடத்தை எட்டியதும் ஆசிரியை பொத்தானை அழுத்த வேண்டும். சிவப்பு விளக்கு எரியும். அட்டை மறைப்புக்குப் பின்னே வாக்கு விழுந்தவுடன் நீண்ட ஒலி எழுந்து விளக்கு அணையும். ஓர் அழுத்தத்திற்கு ஒரு வாக்கு. கணக்குப் பிசகினால் மறுவாக்குப்பதிவு. அத்தோடு, அவருடைய தற்காலிக வேலையை நிரந்தரமாக்கும் ஆணையும் கைநழுவிப் போகும்.

பிற்பகலில் உடல் அடித்துப் போட்டாற்போல் ஆயிற்று. அலுப்பு மேலிட, செய்யக்கூடாததை அவர் செய்யத் தொடங்கினார்: வாக்காளர் மேசையை விட்டு நகருமுன்பே பொத்தானை அழுத்தினார்.

“என்ன டீச்சர், ஆளுக்கு முன்னாடி விளக்கு ஓடுது? அடுப்புல பால வெச்சுட்டு வந்துட்டீங்களா?” என்றார் சாவடியின் தலைமை அலுவலர், கொட்டாவியினூடே.

“பொங்குறதுக்குப் பாலுக்காவது தெம்பு இருக்கும் சார். எனக்கு அதுவும் இல்ல.”

அடுத்து வந்தவர் ஒரு முதியவர். மை வைக்கப்பட்டது. ஆசிரியை அழுத்தினார். முதியவர் மறைப்பு வரை சென்று, தயங்கி, திரும்பி வந்தார்.

“உள்ள ஒரு அம்மா நிக்கிறாங்க தாயி,” என்றார் தாழ்ந்த குரலில். “அவங்க முடிக்கட்டும்.”

உள்ளே ஆசிரியை எவரையும் அனுப்பியிருக்கவில்லை.

நீண்ட ஒலி எழுந்தது.

விளக்கு அணைந்தது.

தலைமை அலுவலர் ஓடிச்சென்று எட்டிப் பார்த்தார். ஒருவருமில்லை. திரும்பியபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

“இன்னொரு தடவ அமுக்காதீங்க. ஒண்ணு கூடிடும், நம்ம ரெண்டு பேர் தலையும் உருளும்,” என்று கிசுகிசுத்தார். “அவர அனுப்பிடுங்க.”

“உங்க ஓட்டு விழுந்திருச்சு ஐயா,” என்றார் ஆசிரியை, தலை நிமிராமலே.

“நான் தொடவே இல்லையேம்மா!”

முதியவர் மை வைத்த தம் விரலைப் பார்த்தபடியே வெளியேறினார்.

மாலையில் கணக்கு இம்மியும் பிசகவில்லை. முடிவுப் பொத்தானை அழுத்தியாயிற்று. இனி அக்கருவி எவருடைய வாக்கையும் ஏற்காது. தலைமை அலுவலர் முத்திரையிட அரக்கு எடுக்க வெளியே சென்றார். ஆசிரியை ஒயரைக் கழற்றிவிட்டு அட்டை மறைப்பை மடித்தார்.

தரையில் ஈரச் சுவடுகள் தெரிந்தன. வெறுங்கால்கள்.

ஒரு சோடி அல்ல.

மறைப்பு இருந்த மேசையடியில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக, கட்டில்கள் வரை. அனைத்தும் மேசையை நோக்கியே நின்றன.

“முடிஞ்சு போச்சு,” என்றார் ஆசிரியை. “இனிமே யாருக்கும் இல்ல.”

முதற்சுவடு மெல்ல உலர்ந்தது.

வரிசை ஓரடி முன்னே நகர்ந்தது.